எழுப்பிக் கேட்டிருக்கலாம்

போலீஸ்காரன் டீ கொடுத்தான். அதுதான் நாச்சிமுத்துவுக்கு உறுத்தியது. ஆந்திராவில் பார்த்திருக்கிறார், கர்நாடகத்தில் பார்த்திருக்கிறார், போர் போடுகிற ரிக் வண்டியோடு அவர் போகாத காடு மேடு இல்லை. எந்த ஊர்ப் போலீஸும் லாரிக்காரனுக்கு டீ கொடுத்து அவர் கண்டதில்லை. லாரிக்காரனிடம் வாங்கித்தான் குடிப்பார்கள். இவன் என்னடாவென்றால் விரல் உயரக் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி, கல்யாண வீட்டில் கொடுப்பதுபோல் கொடுக்கிறான். முகத்தில் ஒரு வருத்தம் வேறு. என்னைப் பார்த்து எதற்கடா வருத்தம். அடிபட்டவன் எவனோ, ஓட்டியவர் மாப்பிள்ளை, நான் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கிழவன். டீ ஒரே இனிப்பு. குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். போலீஸ் சாவடிக்குத் தகரக் கூரை, வாசலில் பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, எதிரே தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மணல், அதற்கு அந்தப் பக்கமும் மணல், அதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடையாது. வெயில் உச்சிக்கு வரவில்லை, அதற்குள் தகரம் நெளிகிற சத்தம். அதுவும் வலது காதில் மட்டும். இடது காது கம்ப்ரசருக்குக் கொடுத்தது. நாற்பது வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றால் எந்தக் காதும் போகும். ஒற்றை மரம் ஒன்று நின்றது, பார்த்தால் வன்னி. ஊரில் கோயிலில் வைத்துச் சுற்றிக் கும்பிடுகிற மரம், இங்கே ரோட்டோரம் ஆடு கடிக்க நிற்கிறது. அதன் அடியில் மாப்பிள்ளை பூபதி போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். ஆறடி ஆள். நடக்கும்போது கிளை தலையில் இடிக்காமலிருக்கக் குனிந்து குனிந்து நடந்தார். பாவம், பயந்து போயிருக்கிறார் என்று நினைத்தார் நாச்சிமுத்து. ஓட்டுகிறவனுக்கு எப்போதாவது ஒருமுறை இது வரும். வந்தவனுக்குத்தான் தெரியும்.

விடியும்வரை நாச்சிமுத்துதான் ஓட்டினார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி எத்தனை ஊர் தாண்டினோம் என்று அவருக்குக் கணக்கில்லை. அகமதாபாத் தாண்டியதும் ஊர்களே இல்லாமல் போய்விட்டன. குழாய் ஏற்றின சப்போர்ட் வண்டி பையன்களோடு முந்தின நாளே முன்னால் போய்விட்டது. ரிக்கில் இவர்கள் இரண்டு பேர்தான். கிழக்கே வெளுத்தபோது மாப்பிள்ளை சொன்னார், போய்ப் படுங்க மாமா, நான் பாத்துக்கறனுங்க என்று. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் ஏறிப் படுத்தார். படுத்தது தெரியும். அப்புறம் புழுக்கத்தில் முழித்தது தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. பிரேக் அடித்திருப்பார், ஆள் கத்தியிருப்பான், ஆடு கத்தியிருக்கும், செத்த காதை மேலே வைத்துப் படுத்தவனுக்கு என்ன கேட்கும். முழித்தபோது வண்டி இந்தச் சாவடிக்கு எதிரே நின்றிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் நாலைந்து பேர் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதன்மேல் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு தோல் செருப்பு, மூக்கு வளைந்தது, ஒற்றை. ஒரு ஆளு குறுக்கே வந்துட்டானுங்க மாமா என்றார் பூபதி. ஆடு மேய்க்கறவன், கால் நசுங்கி மயக்கமாயிட்டான், ஜீப்பில் போட்டு ஜோத்பூருக்குக் கொண்டு போயிட்டாங்க, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, பாஷை தெரியாம எதையாவது சொன்னா வம்பாயிரும், நான் பாத்துக்கறேன். உதடு வெளிறிக் கிடந்தது. நாச்சிமுத்து அவர் தோளைத் தொட்டார். தொட்டுப் பழக்கமில்லாத தோள். மாப்பிள்ளைத் தோளை எந்த மாமனார் தொடுகிறான். ஆனாலும் தொட்டார். பயப்படாதீங்க மாப்பிள்ளை, பாத்துக்கலாம் என்றார்.

அப்போதிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா. இந்தத் தொழிலில் அது ஒன்றும் புதுசில்லை. வண்டி ஆளை இடித்துவிட்டால், இரண்டு பேரில் மூத்தவன் முன்னால் வருவான். சின்னவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், வண்டிக் கடன் இருக்கும்; மூத்தவனுக்கு என்ன இருக்கிறது. நான்தான் ஓட்டினேன் என்று அவன் சொல்லிவிடுவான். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சின்னவன் வந்து முன்னால் நின்று, அண்ணா, எனக்காக என்று ஆரம்பிப்பான், முடிக்கமாட்டான், முடிப்பதற்குள் மூத்தவன் சரி போடா என்று சொல்லிவிடுவான். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அவன் வீட்டு விசேஷத்தில் முதல் இலை இவனுக்குத்தான். நாச்சிமுத்து அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைமேல் ஏற்கனவே கர்நாடகத்தில் ஒரு கேஸ், லைசென்ஸைப் பிடித்து வைத்தார்கள், அப்புறம் வந்துவிட்டது என்றார், வந்ததா என்று இவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் அதைக் காட்டுங்கள் என்றா கேட்பது. இந்தக் கேஸும் சேர்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவார். கோகிலா பிள்ளையோடு தனியாகக் கிடக்க வேண்டும். கோகிலா ஒரே பெண். அம்மிணி அம்மிணி என்று தூக்கி வளர்த்தது. நான் ஓட்டினதாகவே இருக்கட்டுமுங்க மாப்பிள்ளை. அப்படிச் சொல்லலாம். இல்லை, அது அவருக்குக் குறைச்சலாகப் படும். அவராகக் கேட்கட்டும். கேட்டால் முடிப்பதற்குள் சரி என்றுவிட வேண்டும். அவர் கூசிப் போகக் கூடாது. மாமா என்று வந்து நின்றாலே போதும், இவர் எழுந்து போய் சாவடிக்குள் இருக்கிற அந்த மீசைக்கார ஏட்டிடம் கையை நீட்டிவிடுவார். ஏட்டு முன்பே ஒருமுறை வந்து லைசென்ஸ் கேட்டான். பூபதிதான் வாங்கிக் கொடுத்தார், மாமா உங்களுதையும் கேக்கறாங்க, ரெண்டு பேருதும் பாப்பாங்களாம் என்று. அப்புறம் வண்டிப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பையில் இருந்த சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு நின்றார். போட்டோ என்றால் வாரித்தானே நிற்க வேண்டும். மாப்பிள்ளையை எடுக்கவில்லை. அது அப்போது ஏன் என்று தோன்றவில்லை. பாலைவனம் பாக்கலாம் வாங்க மாமா என்றல்லவா கூப்பிட்டார், ஒரு போட்டோ கிடைத்தது என்று நினைத்தார். மடையன்.

எதிரே மணலில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெரிய சிவப்புத் தலைப்பாகை, முகம் வெந்த செங்கல். அடிபட்டவனின் அண்ணன் என்று பூபதி சொல்லியிருந்தார். வந்ததிலிருந்து அவன் பூபதியைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவையே பார்த்தான். முறைக்கவில்லை, வெறுமனே பார்த்தான். வண்டியைப் பார்க்கிறதுபோல. என்னை என்னடா பார்க்கிறாய், அங்கே நிற்கிறாரே ஆறடிக்கு, அவரைப் பார். இவர் நகர்ந்து உட்கார்ந்தார். அவன் கண்ணும் நகர்ந்தது. அந்த நேரத்தில் ஏட்டு ரோட்டைத் தாண்டிப் போய் ரிக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். நெற்றியில் ஸ்ரீ கோகிலா போர்வெல்ஸ் என்று எழுதின வண்டி. கதவு அகலத் திறந்து நின்றது. ஏட்டு உள்ளே கை விட்டு சீட்டைத் தட்டினான், தட்டிவிட்டு இவரைப் பார்த்தான், உயரத்தை அளக்கிற மாதிரி, பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். சீட்டின்மேல் நீலமாக ஒன்று இருந்தது. நாச்சிமுத்துவுக்குக் காதுதான் போயிற்று, கண் போகவில்லை. அது அவருடைய திண்டு. குட்டை ஆள், திண்டு இல்லாமல் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே வானம்தான் தெரியும். அதனால் எந்த வண்டி ஏறினாலும் அந்த இலவம்பஞ்சுத் திண்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். மாப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். விடியக்காலையில் சீட்டை விட்டு இறங்கும்போது அதை எடுத்துக்கொண்டு போய்த் தலைக்கு வைத்துத்தான் படுத்தார். நன்றாக நினைவிருக்கிறது. உறையில் அவருடைய எண்ணெய் வாடை, மூக்கு அதில் புதைந்தது. அப்படியே தூங்கியது. முழித்தபோது தலை வெறும் பலகையில் கிடந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது அதனால்தானா.

முதலில் மனசு அதை ஒப்பவில்லை. தூக்கத்தில் தள்ளியிருப்பேன், உருண்டு போய் சீட்டில் விழுந்திருக்கும். திண்டு உருண்டு போய் உட்காருகிற இடத்தில் சீராகப் பதிந்து உட்காருமா. உட்காராது. அப்படியானால் எடுத்திருக்கிறார். எப்படி எடுத்தார். இழுத்திருந்தால் முழித்திருப்பேன், தலை டக்கென்று பலகையில் விழுந்திருந்தால் முழித்திருப்பேன். அப்போது தலையைத் தூக்கியிருக்கிறார். ஒரு கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, இன்னொரு கையால் திண்டை உருவி, மறுபடி தலையைப் பதமாக இறக்கி வைத்திருக்கிறார். கோகிலாவுக்கு நாலு வயசில் காய்ச்சல் வந்தபோது இவர் அப்படித்தான் தலையைத் தூக்கி ஈரத் துணியை மாற்றினார், முழித்துவிடுவாளோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு. அந்தப் பதம். அந்தக் கை என் பிடரியில் பட்டிருக்கிறது. நாச்சிமுத்து பிடரியைத் தடவிப் பார்த்தார். வேர்வை. அடித்து உதைத்து இழுத்துப் போட்டிருந்தால்கூடத் தேவலாம். சரி, எப்போது எடுத்தார். அங்கேதான் மனசு முள்ளில் துணி மாட்டினதுபோல் மாட்டிக்கொண்டது. வண்டி இடித்தது, நின்றது, கீழே ஒருவன் கால் நசுங்கிக் கத்துகிறான். முதலில் இறங்கி அவனிடம் ஓடினாரா, அல்லது முதலில் திரும்பி என் தலைக்கு அடியில் கையை விட்டாரா. ஓடியிருப்பார். ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்திருப்பார். இல்லை, இடித்த உடனே எடுத்திருப்பார், ஆட்கள் ஓடி வருவதற்குள். கத்துகிற சத்தத்தில் நான் முழிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் கையைக் கொடுத்திருப்பார். எது முதல். அது தெரிந்தால்கூட ஒரு மாதிரி ஆறிவிடும் போலிருந்தது. தெரியவில்லை. வன்னிக்கு அடியில் பூபதி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்புறம் எல்லாம் தானாக அவிழ்ந்தது. டீ, வருத்த முகம், போட்டோ, லைசென்ஸ், இந்தத் தலைப்பாகைக்காரன் பார்வை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. வயசான மனுஷன் தூக்கக் கலக்கத்தில் இடித்துவிட்டான், பாவம் என்று போலீஸ்காரன் டீ கொடுத்திருக்கிறான். வடக்கே கூப்பிட்டதே இதற்குத்தானோ. இடிக்கப் போகிறேன் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, ஆனால் லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் வண்டியில் வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஓய்ந்து வீட்டில் கிடந்தவரை, கூட வாங்க மாமா, உங்களை மாதிரி தொழில் தெரிஞ்சவங்க யாரிருக்காங்க என்றபோது எவ்வளவு குளிர்ந்தது. மாப்பிள்ளை கூப்பிடுகிறார் என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னாரே. அந்த நாலு பேரில் பேச்சிமுத்து கேட்டான், மாப்பிள்ளைக்கு உன்னைவிட்டால் ஆள் கிடைக்கலையாக்கும் என்று. போடா பொறாமைக்காரா என்றார். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது வந்து எதிரே உட்கார்ந்தது. கேட்டிருந்தால் செய்திருப்பேனே. அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கேட்டிருந்தால் செய்திருப்பேன். தட்டி எழுப்பி, மாமா இப்படி ஆயிருச்சு என்றால் நானே அந்தத் திண்டை எடுத்துக்கொண்டு போய் சீட்டில் போட்டு உட்கார்ந்திருப்பேன். கொடுக்க இருந்தவனிடம் எதற்குத் திருட வேண்டும்.

நாக்கு வறண்டது. எழுந்து பானைப் பக்கம் போகலாமா, போனால் ஓடுகிறான் என்பார்களா என்று யோசித்தார். தப்பு செய்யாதவனுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. தலைப்பாகைக்காரன் எழுந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்து நாச்சிமுத்து கண்ணைச் சுருக்கினார். வரட்டும், ஒன்று விழுந்தாலும் தேவலை. அவன் தோளில் தொங்கின தோல்பையை அவிழ்த்து, கையை நீட்டச் சொல்லி ஜாடை காட்டினான். தண்ணீர். ஊற்றினான். ஆட்டு வாடை அடிக்கிற தண்ணீர், ஆனால் குளிர்ந்தது. குடிக்கக் குடிக்க ஊற்றினான். தம்பி காலை உடைத்தவன் என்று நம்பிக்கொண்டே ஊற்றுகிறான். தாங்கவில்லை இவருக்கு. நான் இல்லப்பா என்றார் தமிழில். அவன் புரியாமல் பார்த்தான். நேனு காது என்றார் தெலுங்கில். நானு அல்ல என்றார் கன்னடத்தில். அதற்குமேல் அவரிடம் பாஷை இல்லை. அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வானத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ. மன்னித்தேன் என்றானா, மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்றானா. பார்த்துக்கிறேன் என்று சொல்லாத ஆளே இல்லை இன்றைக்கு.

ஒரு புல்லட் வந்து நின்றது. ராணுவப் பச்சை உடுப்பு, கறுத்த பையன், மீசை ஒழுங்காக வெட்டியிருந்தான். இறங்கின உடனே நேராக இவரிடம் வந்து, "ஐயா, வணக்கம். நமக்குத் தென்காசிப் பக்கம். பேரு சுடலைமணி. இங்கன பார்டர்ல டூட்டி" என்றான். அந்த ஐயா காதில் விழுந்ததும் நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. கலங்கினதில் கோபம் வந்தது. ஏட்டுதான் அவனை வரச் சொல்லியிருக்கிறான். டிரைவர் தன் பாஷையில் தன் வாயால் சொல்ல வேண்டுமாம், கூட வந்த ஆள் மொழிபெயர்த்தால் செல்லாதாம். பூபதி வேகமாக வந்தார். மாமாவுக்கு இந்தி தெரியாது, காதும் மந்தம், எல்லாம் நானே சொல்லிவிட்டேனே என்று பாதி தமிழும் பாதி இந்தியுமாக ஏட்டிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டான், பெஞ்சைக் காட்டிப் பூபதியை உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை. அடிபட்ட ஆளுக்கு இன்னும் நினைவு வரவில்லை என்று பையன் மெதுவாகச் சொன்னான். பிறகு வலது பக்கமாக வந்து குனிந்தான்.

"ஐயா, இவரு கேக்காரு. காலையில வண்டி ஓட்டுனது நீங்கதானா?"

நாச்சிமுத்து பூபதியைப் பார்த்தார். இப்போதாவது. இன்னும் நேரமிருக்கிறது. ஒரு வார்த்தை, மாமா எனக்காக என்று, தொண்டையிலாவது ஆரம்பிக்கட்டும். பயப்படாதீங்க மாமா, நடந்ததைச் சொல்லுங்க என்றார் பூபதி. முகம் அசையாமல் அதைச் சொன்னார்.

"நீங்க கேளுங்க மாப்பிள்ளை."

"நான் எதுங்க மாமா கேக்கறது?"

"கேக்க வேண்டியதை."

பூபதி தென்காசிப் பையனைப் பார்த்தார். கேட்டால் அவன் காதில் விழும். கேட்காவிட்டால் மாமனார் வாய் திறக்கமாட்டார். அந்த இக்கட்டு முகத்தில் அப்பட்டமாக ஓடியது. நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் அந்த ஆறடி ஆளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பிறகு பூபதி ஒன்று செய்தார். போனை அழுத்தி, இவருடைய வலது காதில் கொண்டு வந்து வைத்தார். எந்தக் காது என்று அவருக்குத் தெரியும். அப்பா என்றாள் கோகிலா. எங்கோ ஆயிரம் காதத்துக்கு அந்தப் பக்கம் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம், யாரோ அதை நிறுத்துகிற சத்தம். அப்பா, நீங்கன்னா வயசானவருன்னு சீக்கிரம் விட்டுருவாங்களாம்ப்பா, இவங்கன்னா லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதுன்னு பெரிய கேஸாயிருமாம், வக்கீல் பாத்தாச்சாம், ரெண்டு நாள்தானாம். மனப்பாடமாகச் சொன்னாள். வழியில் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. லைசென்ஸ் வரவேயில்லை என்று இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"உனக்கு எப்பத் தெரியும் அம்மிணி?"

"காலையிலயேப்பா. வண்டி நின்ன உடனே கூப்பிட்டாங்க."

"நான் அங்கேதானே படுத்திருந்தேன்."

"ராத்திரி பூரா ஓட்டியிருக்கீங்கன்னு சொன்னாங்க. எழுப்ப வேண்டாம்னு நான்தாம்ப்பா சொன்னேன். தூங்கட்டும்னு."

கரிசனம். குரலில் கரிசனம்தான். பொய்யில்லை. அப்பா தூங்கட்டும். அவள் சொல்லியிருக்கிறாள், அவன் சரி என்று தலையைத் தூக்கியிருக்கிறான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, இவள் அங்கிருந்து பார்த்துப் பார்த்து என்று சொல்லச் சொல்ல. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பிணத்தைப் புரட்டுகிறதுபோல் பதமாக. எது முதல் என்று மாட்டிக்கொண்டிருந்த கேள்வி அதோடு விட்டுப் போயிற்று. மூன்று பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர் பேசி முடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆளின் வாழ்க்கை அது. கோகிலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், எனக்காகப்பா, ஒரே ஒரு தடவை என்று. இதோ, வந்துவிட்டது. காலையிலிருந்து காத்திருந்த வார்த்தை, அச்சாக அதே வார்த்தை, எனக்காக. முடிப்பதற்குள் சரி என்றுவிட வேண்டும் என்று வைத்திருந்தாரே, அந்தச் சரியைத் தேடினார். நெஞ்சில், தொண்டையில், நாக்கின் அடியில். இருந்த இடம் இருந்தது. அது இல்லை. போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"நான் ஓட்டலை தம்பி. தூங்கிட்டிருந்தேன். ஓட்டுனது இவரு."

சுடலைமணி உடனே திரும்பவில்லை. ஏட்டு இந்தியில் என்ன என்று கேட்டான். பொறுங்கள் என்று கையைக் காட்டினான். பூபதியின் கை இரண்டும் தானாகக் குவிந்தன, மாமா என்ற சத்தம் வந்தது, கடைசியாக வந்தது.

"ஐயா, நான் இன்னும் இந்தியில சொல்லல. நீங்க சொன்னது இப்ப நம்ம மூணு பேருக்குள்ளதான் இருக்கு. உங்க குடும்ப விஷயம். சொல்லிட்டேன்னா அப்புறம் என்னால திருப்ப முடியாது. நல்லா யோசிச்சுக்கிடுங்க. சொல்லவா?"

நல்ல பையன். யாரும் செய்யாததை இவன் செய்கிறான். கேட்கிறான். எவனோ தென்காசிக்காரன், பெயர் இன்றைக்குத்தான் தெரியும், நின்று நிதானமாக, நல்ல காது எது என்று பார்த்துக் கேட்கிறான். தகரம் நெளிந்தது. அறுபத்தெட்டு வயசில் ஒரு மனுஷனைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்று கேட்க பாகிஸ்தான் பக்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது. கோகிலா அழுவாள். நாளைக்கு அழுவாள், அடுத்த வருஷமும் அழுவாள். ஊரில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பேரன் வாசலுக்கு வரமாட்டான். தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. யோசித்துத்தான் சொல்கிறேன். இத்தனை நாளில் யோசித்துச் சொல்ல விட்டது நீ ஒருத்தன்தான்.

"சொல்லு" என்றார்.

பையன் நிமிர்ந்து ஏட்டின் பக்கம் திரும்பினான். இந்தி ஆரம்பித்தது. நாச்சிமுத்துவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. கையிலிருந்த போனிலிருந்து அப்பா, அப்பா என்று சின்னதாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை எங்கே அழுத்தினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. உடையவரிடமே நீட்டினார்.

"இந்தாங்க மாப்பிள்ளை. அம்மிணி லைன்ல இருக்கா. நீங்களே சொல்லிருங்க."